உள்ளேயிருந்து விழுந்த அடி

எங்கள் பெரியம்மா செலஸ்ரீனா ஓட்டுகிற ஜீப்புக்கும் அதற்கு முன்னால் போகிற லொறிக்கும் நடுவில் ஒரு கலியாண ஊர்வலம் மேளத்தோடு போய்வரலாம். இத்தாலியில், இந்தப் பலேர்மோவில், வேறு ஒருவரும் இப்படி ஓட்டுவதில்லை. இந்த ஊரில் முன்னுக்குப் போகிற வாகனத்தை முட்டாமல் முட்டிக்கொண்டு போவதற்குப் பெயர்தான் ஓட்டம். பெரியம்மா இடம் விட விட, அந்த இடத்துக்குள் ஸ்கூட்டர் புகும், மரக்கறி ஏற்றின மூன்று சில்லு வண்டி புகும், ஒருநாள் பூமாலையோடு ஒரு சவ வண்டியே புகுந்தது. அவ மெல்ல பிறேக்கை மிதித்துத் திரும்பவும் பின்வாங்குவா. பின்னால் வருகிறவன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கமாட்டான். யன்னலால் தலையை நீட்டி அவன் கேட்கிற கேள்விகளை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மொழிபெயர்த்துக் காட்ட நான் ஆசைப்பட்டேன். சிஸ்ரர் விடவில்லை.

"லொறிக்குப் பின்னாலை ஒட்டாதை. சில்லு கல்லை எடுத்து எறியும். மற்றக் காருக்கு அது வழுக்கி மேலாலை போயிடும். எங்களுக்கு நேரா நெத்தியிலைதான்."

இது பெரியம்மாவின் சொந்த வசனம் இல்லை. அவவின் புருசன், அருளையா பெரியப்பாவின் வசனம். அவர் செத்து இது இரண்டாவது மாசி. ஆள் போனாலும் வசனம் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த உடனே அது பெரியம்மாவின் வாயில் தானாக ஓடத் தொடங்கும், அவருடைய இழுவையோடு, நடுவில் அவர் செருமுகிற செருமலோடு. பின்சீற்றில் இருந்து கேட்டால் முதுகு குளிரும்.

ஜீப்பையும் சொல்லவேண்டும். பிஸ்கட் பெட்டிக்கு நாலு சில்லு பூட்டினால் எப்படி, அப்படி. காற்றுக்கோ மழைக்கோ வளைந்து கொடுக்கத் தெரியாத சதுரம். மற்றக் கார்களின் முன் கண்ணாடி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாதிரிச் சாய்ந்து படுத்திருக்கும். இதன் கண்ணாடி சுவர்போல நிமிர்ந்து நிற்கும். வருகிற கல், பூச்சி, ஆலங்கட்டி எல்லாவற்றையும் நெஞ்சில் வாங்கும். ஜீப் சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டம் வைத்திருக்கிற முதலாளி சிஞ்ஞோர் வித்தாலேயுடையது. தோட்டத்துக்குள் லொறி போகாது. பாதை அவ்வளவு ஒடுக்கம், அவ்வளவு பள்ளம். பறித்த பழத்தைப் பெட்டி பெட்டியாக வெளியே கொண்டுவர இந்தக் கிழட்டுச் சதுரம்தான் வேண்டும்.

பெரியப்பா அதைப் பல வருசம் ஓட்டினார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் கதைப்பதில்லை, நானும் இதோடு நிறுத்துகிறேன். ஆனால் அந்த முன் கண்ணாடியை அவர் வளர்த்த மாதிரி என்னை ஒருவரும் வளர்க்கவில்லை. ஒரு குளிர் காலை, தோட்டத்தில் வேலைசெய்த ருமேனியாக்காரன் ஒருவன் கண்ணாடியில் படிந்த உறைபனியைக் கரைக்கக் கேத்திலில் சுடுதண்ணி கொண்டுவந்தான். பெரியப்பா குறுக்கே பாய்ந்து தன் கையைச் சுட்டுக்கொண்டார். "கை ஆறும், தம்பி. கண்ணாடி ஆறாது," என்று தமிழிலேயே அவனுக்குச் சொன்னார். சிரோக்கோ காற்று வீசி ஊரெல்லாம் செம்மண் தூள் படிகிற நாட்களில் எல்லோரும் வைப்பரைத் தட்டிக் கரகரவென்று துடைப்பார்கள், கண்ணாடி முழுக்கக் கீறும். பெரியப்பா போத்தலோடு இறங்குவார். "அது ஆபிரிக்காவிலை இருந்து எங்களைப்போலை கடல் தாண்டி வந்த மண். மரியாதையாக் கழுவி அனுப்போணும்." எல்லா யன்னலையும் மூடிக்கொண்டு கதவை அறைந்தால் உள்ளுக்குள் காற்று கண்ணாடியைத் தள்ளுமாம், அதனால் ஒரு யன்னல் எப்போதும் ஒரு விரல் திறந்திருக்கும். எள்ளளவு பொட்டு விழுந்தாலும் உடனே ரேப் ஒட்டி, ஒரேத்தோவில் கண்ணாடி வேலை செய்கிற தோத்தோவிடம் ஓடுவார். பொட்டுக்குள் தண்ணி போனால் வெடிப்பு ஓடும் என்பார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் அவ்வளவு ஓடவில்லை என்று அம்மா இப்பவும் சொல்லுவா.

பெரியம்மா அந்தக் காலத்தில் ஓட்டுகிற ஆள் இல்லை. காலையில் நகரத்துக்குள் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் துடைக்கிறது, உடுப்பு மினுக்குகிறது. மாசி பங்குனியில், பிந்திப் பழுக்கிற மண்டரின் வருகிற காலத்தில், பின்னேரங்களில் சியாகுல்லியில் பழத்தைத் தரம் பார்த்துத் தெரிகிறது. பொழுதுபட முதல் புருசனுக்குப் பக்கத்தில் ஏறி வீட்டுக்கு வருகிறது. லைசென்ஸ் எடுக்கச் சொல்லி அவர்தான் நாண்டுகொண்டு நின்றார். எழுத்துச் சோதனையில் அவ விழுந்த தடவைகளை எங்கள் வீட்டில் எண்ணுவதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் விழுந்ததை மட்டும் எல்லோரும் எண்ணுவார்கள்.

பெரியப்பா செத்ததும் அந்த மண்டரின் காலத்தில்தான். மத்தியானம், தோட்டத்துப் பாதையில், சீற்றில் இருந்தபடி. நெஞ்சடைப்பு. கண்டவர்கள் சொன்னார்கள்: ஜீப் மரத்துக்குக் கீழே நிழலில் ஒழுங்காக நின்றது, கைபிறேக் போட்டிருந்தது, யன்னல் ஒரு விரல் திறந்திருந்தது. நெஞ்சு நோகிற மனிசன் கண்ணாடிக்கு வெயில் படக்கூடாது என்று நிழல் தேடியிருக்கிறார். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். சிரிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாகமுதல் பெரியம்மாவுக்கு இரண்டு தரம் போன் எடுத்திருக்கிறார். வேலை நேரத்தில் போன் கையில் இருக்கக்கூடாது என்பது சிஞ்ஞோராவின் சட்டம். போன் கதவுக்குப் பின்னால் கோட்டுப் பையில் கிடந்தது. பிறகு எடுத்துப் பார்த்தா. கடையில் என்ன வாங்கவேண்டும் என்று கேட்கத்தான் எடுத்திருப்பார் என்று நினைத்தா. மேசையில் ஒரு சேட் மிச்சம் இருந்தது. அதையும் மினுக்கி முடித்துவிட்டுத்தான் திருப்பி எடுத்தா. அந்தப் பக்கத்தில் வேறொரு ஆளின் குரல்.

என்ன சொல்ல எடுத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது.

சவப்பெட்டி மூட முதல், செத்தவர் கையில் சுற்றியிருக்கிற அவருடைய செபமாலையை எடுத்துவிட்டுப் புதுசு ஒன்றைச் சுற்றுவார்கள் எங்கள் ஆட்கள். பழையது வீட்டுக்கு வரும், மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். பெரியம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. "அவர் கடைசியா இருந்த இடத்திலை இருக்கட்டும்," என்று ஜீப்பில் மாட்டிவிட்டா. பலேர்மோவில் செபமாலையும் மாதாவும் தொங்காத வாகனம் ஏது?

சிஞ்ஞோர் வித்தாலே நல்ல மனிசன். பெரியப்பாவின் இடத்துக்குப் பெரியம்மாவையே ஓட்டச் சொன்னார். அவ ஓட்டத் தொடங்கின முதல் மண்டரின் காலத்திலேயே கண்ணாடி வெடித்தது. கண்ணாடியின் நடுவில், மேல்பக்கம், ஒரு பொட்டு. மூன்றாம் நாள் அதிலிருந்து ஒரு கோடு கிளம்பிப் பக்கத்து ஆள் இருக்கிற பக்கமாக ஓடி நின்றது. லொறிக் கல் என்று எல்லோரும் முடிவெடுத்தோம். பெரியம்மா மட்டும், "நான் ஒரு லொறிக்கும் கிட்டப் போகேல்லையே," என்று சொல்லிக்கொண்டே இருந்தா. அதற்குப் பிறகுதான் அந்தக் கலியாண ஊர்வல இடைவெளி.

புதுக் கண்ணாடி போட்டார்கள். இந்த மாசியில் அதே இடத்தில் பொட்டு, அதே பக்கமாகக் கோடு.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முதல் குசினியில் பெரியம்மா என் அம்மா மாக்கிரட்டிடம் சொன்னதை, வெங்காயம் உரிக்கிற சாட்டில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தட்டுறார், மாக்கிரட்."

"ஆர் அக்கா?"

"அவர்தான். தோட்டத்துப் பாதையிலை போகேக்கை கண்ணாடியிலை தட்டுறார். டக் எண்டு. சிலநேரம் ரெண்டு தரம்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தா. "ஜீப் பழசு அக்கா. ஏதும் ஆணி கழண்டிருக்கும்."

"ஆணி கேட்டதுக்கு மறுமொழி சொல்லுமோடி?"

அம்மா கத்தியைத் திரும்ப எடுத்தா. என்னைப் பார்த்து, "நீ என்ன வாயைப் பிளந்துகொண்டு? உரி," என்றா.

சனிக்கிழமை ஒரேத்தோவுக்குப் போனோம். ஜீப்பைத் தோத்தோவிடம் விடமுதல் பெரியம்மா செபமாலையைக் கழட்டி முத்தம் கொடுத்துக் கைப்பைக்குள் வைத்தா. பிற மனிசரின் எண்ணெய்க் கை அதில் படக்கூடாது. தோத்தோ வாயில் சிகரெட்டோடு கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் தடவினான். பிறகு உள்ளே ஏறித் தடவினான். பிறகு திரும்பவும் வெளியே வந்தான். சிகரெட்டை எடுத்துவிட்டான்.

"சிஞ்ஞோரா, இஞ்சை கை வையுங்கோ. வெளியிலை."

பெரியம்மா வைத்தா.

"வழுவழு எண்டு இருக்குதல்லோ? கல் அடிச்சா வெளியிலைதான் பள்ளம் விழும். இது ரெண்டு தகடு ஒட்டின கண்ணாடி. வெளித்தகடு சுகமா இருக்குது. உடைஞ்சது உள்தகடு." உள்ளே கையை விட்டுக் காட்டினான். "அடி உள்ளுக்கை இருந்துதான் விழுந்திருக்குது. உங்களுக்குப் பக்கத்துச் சீற்றிலை ஆர் இருக்கிறவை?"

"ஒருத்தரும் இல்லை," என்றா பெரியம்மா.

தோத்தோ பெரியப்பாவின் பழைய சிநேகிதன். அவன் மெதுவாகக் குருசு அடையாளம் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் அந்த ஜீப்பைப் பற்றிப் பகிடி விடவில்லை. நான்கூட.

நாலு நாள் கழித்துச் சிஞ்ஞோர் வித்தாலே பெரியம்மாவைக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை, அதனால்தான் பயம். "செலெஸ்தீனா, இந்த மாதிரிக் கண்ணாடி இப்ப வாறேல்லை. கத்தானியாவிலை பழைய வாகனம் உடைக்கிற இடத்திலை ஒண்டு கிடந்தது, அதைக் கழட்டுவிச்சு எடுத்தாச்சு. இதுதான் கடைசி. இதுவும் போனா ஜீப்பும் உடைக்கிற இடத்துக்குத்தான். என்ரை மருமகன் ஒரு வான் வாங்கி ஓட்டுவான்."

பெரியம்மாவுக்கு வேலை போவது ஒரு பங்கு. தோட்டத்தில் பழம் தெரிய எப்போதும் போகலாம். ஆனால் ஜீப் போனால், அவர் கடைசியாக மூச்சு விட்ட சீற், அவர் கை பிடித்துத் தேய்ந்த ஸ்டியரிங், எல்லாவற்றையும் கத்தானியாவில் ஒரு இயந்திரம் நசுக்கித் தகரமாக்கும். அவ அன்றைக்குச் சாப்பிடவில்லை. "கோவத்திலை தட்டுறாரோ," என்று மட்டும் கேட்டா, ஒருவரையும் பார்க்காமல். "போனை நான் எடுக்கேல்லை எண்டு."

கடைசிக் கண்ணாடியோடு ஒரு கிழமை போனது. பெரியம்மா அதை முட்டையைக் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுபோனா. நெடுஞ்சாலையைச் சுற்றி வேறு வழியாகப் போனா. வெயில் விழுந்தால் போர்வை போர்த்தினா. பிறகு ஒரு காலை, நான் கண்ணாடி கழுவிக் கொடுக்கும்போது, அதே இடத்தில், உள்பக்கம், விரலில் ஏதோ சுரண்டியது. எள்ளைவிடச் சின்னது. பெரியம்மாவும் தொட்டுப் பார்த்தா. கையை இழுத்துக்கொண்டா.

எனக்குச் சிநேகிதன் ஒருத்தன் இருக்கிறான், யசிந்தன். தனக்குப் பேய்க்குப் பயமில்லை என்று கோயில் முற்றத்தில் நின்று பீத்துகிறவன். அவனுக்கு அனுப்பி அவனை மூத்திரம் போக வைக்கவேண்டும் என்றுதான் நான் என்ரை போனை வீடியோவில் போட்டு, ஜீப்பின் பின்னால் ஒரு வெறும் மண்டரின் பெட்டிக்குள், கமராக் கண் மட்டும் தெரிய ஒளித்துவைத்தேன். பெரியம்மா பெட்டிகள் ஏற்றத் தனியாகத் தோட்டத்தின் அந்தக் கடைசித் தொங்கலுக்குப் போனா. உதவிக்கென்று கூடவந்த நான் பழம் தெரிகிற கொட்டிலில் நின்றேன். அவ திரும்பி வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.

முதலில் முதுகு, தலை, ஸ்டியரிங். முன்னால் கண்ணாடி, அதற்குள்ளால் பாதை. இரண்டு பக்கமும் பழம் கனத்த மரங்கள் இருட்டாக வந்து வந்து போகின்றன. பெரியம்மா கதைக்கத் தொடங்குகிறா. பெரியப்பாவின் வசனம் இல்லை, அவவின் குரல். அப்படியொரு குரல் அவவிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

"இஞ்சாருங்கோ. மீனைப் பற்றிக் கேக்க எடுத்தனீங்களோ?"

பாதை இரண்டாகப் பிரிந்த மாதிரித் தெரிகிறது. ஒரு பக்கம் கொஞ்சம் சமம், ஒரு பக்கம் மழை அறுத்த பள்ளம். கண்ணாடிக்காக லொறியைக் கண்டு ஓடுகிற மனிசி ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்புகிறா. ஜீப் குதிக்கிறது. டக். டக்.

"ரெண்டு. அப்ப இல்லை." கியரை மாற்றுகிறா. "தலையிடிக் குளிசை எங்கை எண்டு கேக்கவோ?"

டக், டக்.

"அதுவும் இல்லை. மாக்கிரட்டின்ரை பெட்டையைப் பற்றியோ? அவள் பள்ளிக்கூடம் போகேல்லை எண்டு?"

டக்.

"ஓமோ? ... இல்லை, நீங்கள் சும்மா தட்டுறியள். நேற்றும் அப்பிடித்தான். நோகுதெண்டு சொல்லவோ எடுத்தனீங்கள்? அதைச் சொல்லுங்கோ. நான் தாங்குவன்."

அந்த இடத்தில் பள்ளம் இல்லை. ஒரு தட்டும் இல்லை. பெரியம்மா பிறேக் போட்டு நிற்கிறா. பிறகு, கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, அடுத்த பள்ளத்தைத் தேடிப் போகிறா.

அப்போதுதான் கண்டேன். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் பின்பார்க்கிற கண்ணாடி. அதிலிருந்து செபமாலை. அதன் நுனியில் சாந்தா ரொசாலியா கோயில் மலையில் பெரியப்பா வாங்கின இரும்புக் குருசு, கனம், நுனி கூர். ஜீப் விழும்போது அது முன்னுக்கு வீசுப்பட்டு நேராகக் கண்ணாடியில் குத்துகிறது. சாய்ந்த கண்ணாடி என்றால் எட்டாமல் காற்றில் ஆடிவிட்டுப் போகும். சுவர்போல நிற்கிறது எட்டும். பெரியப்பாவின் காலத்தில் அந்த இடத்தில் ஒன்றும் தொங்கவில்லை. அதையும் ஒரு சட்டமாகத்தான் வைத்திருந்திருப்பார். இல்லாத சாமானை யார் கவனிக்கிறது? வீட்டு வாசலில் நிற்கும்போது அது அசையாது. தோத்தோவிடம் போகும்போது கைப்பைக்குள் போய்விடும்.

யசிந்தனுக்கு அனுப்பவில்லை.

மரங்களுக்குள் நிற்கப் பயமாக இருந்தது. பேயில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் இப்படிப் பயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு மனிசி ஒரு கேள்வியைக் கொண்டுபோய் இல்லாத ஆளிடம் கேட்டு, மறுமொழிக்காக நாலு சில்லையும் பள்ளத்தில் விட்டிருக்கிறா. பேய் அதைவிடச் சின்னக் காரியம்.

பின்னேரம் கொட்டிலில் எல்லோரும் போனபின் போனை அவவின் கையில் கொடுத்தேன். ஒளித்துவைத்ததற்கு அடி விழும் என்று நினைத்தேன். முழுக்கப் பார்த்தா. "திருப்பிப் போடு," என்றா. திருப்பிப் போட்டேன். மூன்றாவது தரம் அவ குருசைப் பார்க்கவில்லை, பக்கத்து வெறுஞ் சீற்றைத்தான் பார்த்தா.

"இது ஆருக்கும் காட்டினனியோ?"

"இல்லை பெரியம்மா."

"உன்னைப் பற்றிக் கேட்டதுக்கு ஓம் எண்டவர்."

"அது பள்ளம், பெரியம்மா."

"தெரியும். எனக்கும் கண் இருக்குது."

வீட்டில் பெரியம்மாவே குருசின் கதையைச் சொல்ல, அம்மா ஒரே சொல்லில் தீர்த்தா. "கழட்டி வீட்டிலை மாட்டுங்கோ அக்கா. கண்ணாடியும் தப்பும், ஜீப்பும் தப்பும்."

"வீட்டிலை மாட்டினா ஆர் தட்டுறது?" என்றா பெரியம்மா.

அடுத்த நாள் குருசுக்கு ஒரு குழந்தைச் சொக்ஸ் போட்டுவிட்டா. அம்மா சிரித்தா, நானும் சிரித்தேன், அவவும் கொஞ்சம் சிரித்தா. பின்னேரம் திரும்பி வந்தபோது சொக்ஸ் இல்லை. "வாயைப் பொத்தின மாதிரி இருக்குது," என்றா. "முனகுறார்." கண்ணாடிக்குப் பயந்து அன்றைக்கு இரண்டு பெட்டி பழம் குறைவாகத்தான் கொண்டுவந்தாவாம். சமமான பக்கத்தாலேயே போய் வந்திருக்கிறா. ஆனால் மாலையைக் கழட்டவில்லை. எள்ளு எள்ளாகவே நின்றது. அதைத் தினமும் காலை விரலால் தடவிப் பார்க்கிறது அவவின் செபமாகிவிட்டது.

அந்தக் கிழமை முடிவில் நல்ல பழம் எல்லாம் ஜெனோவாவுக்குப் போகிற கப்பலில் ஏறவேண்டும். அங்கே சிஞ்ஞோர் வித்தாலேயின் ஆட்கள் கடை வைத்திருக்கிறார்கள். முதல் நாள் மழை. பாதையில் சமமான பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று, எல்லாம் பள்ளம். பெட்டிகள் ஏற்றி முடித்து, நான் வழக்கம்போலப் பின்னால் ஏறப்போக, பெரியம்மா எஞ்சினை நிறுத்தினா.

"எடி, முன்னுக்கு வா."

போய் ஏறினேன். அந்தச் சீற்றில் இரண்டு வருசமாக ஒருவரும் இருக்கவில்லை. உள்ளே தள்ளி இருக்கப் பயத்தில் ஓரமாக இருந்தேன். பெரியம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தா. இந்தப் பாதையில், இந்தச் சுமையோடு, அந்தக் குருசு தொங்கினால் கீழே போய்ச் சேரமுதல் எள்ளிலிருந்து கோடு கிளம்பும். அது அவவுக்குத் தெரியும். கழட்டினால் அதற்குப் பிறகு ஒருநாளும் மறுமொழி வராது. அதுவும் தெரியும்.

கையை மேலே கொண்டுபோனா. கீழே இறக்கினா. பிறகு திரும்பவும் கொண்டுபோய், ஒரே இழுவையில் கழட்டி, பார்க்காமல் என்ரை மடியில் போட்டா. குருசு சில்லென்று இருந்தது. இவ்வளவு கனம் என்று நினைக்கவில்லை.

ஜீப் இறங்கியது. முதலாவது பள்ளம். தூக்கிப் போட்டது, பெட்டிகள் முனகின, ஒரு தட்டும் இல்லை. இரண்டாவது பள்ளம். ஒன்றும் இல்லை. மரங்களுக்குள் ஈரம் புகைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லாமல் போனபோதுதான், முன்பு எத்தனை சத்தம் இருந்தது என்று தெரிந்தது.

"இஞ்சாருங்கோ," என்றா பெரியம்மா, ரோட்டைப் பார்த்தபடி. "ஒண்டுக்கும் இல்லை, சும்மா என்ரை குரலைக் கேக்கத்தான் எடுத்தனீங்களோ?"

அடுத்த பள்ளம் வந்தது. நான் யோசிக்கவில்லை. கை தானாகப் போய், விரல் முட்டியால் கதவில் தட்டியது. ஒரு தரம்.

பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "அது தகரச் சத்தமடி," என்றா. "அவர் கண்ணாடியிலைதான் தட்டுவார். கையை எடு, குரங்கு."

பிறகு சிரித்தா. அழுதுகொண்டுதான் சிரித்தா, ஆனால் ஜீப்பை ஒரு அங்குலமும் அசைய விடவில்லை. தோட்டத்து வாசலைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியதும் ஓரமாக நிறுத்தி, எட்டிக் கண்ணாடியில் விரலை வைத்தா. எள்ளு எள்ளாகவே இருந்தது. "தோத்தோவிட்டைக் காட்டி அடைப்பிக்கோணும்," என்றா, சாதாரணக் குரலில்.

துறைமுகத்து வாசலில் வரிசை. கடலில் வெள்ளைக் கப்பல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. காவலுக்கு நின்ற இளம் பெடியன் கடதாசியும் பேனையுமாக வந்து, யன்னலால் கேட்டான், வாகனத்தில் எத்தனை பேர் என்று.

"த்ரே," என்றா பெரியம்மா உடனே.

மூன்று. பெடியன் குனிந்து உள்ளே பார்த்தான். பெரியம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பின்னால் மண்டரின் பெட்டிகளைப் பார்த்தான். பேனை அப்படியே நின்றது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

பெரியம்மாவின் வாய் திறந்து மூடியது. "ரெண்டு," என்றா. தமிழில்தான் வந்தது, மெதுவாக, மடியிலிருந்து ஏதோ விழுந்ததை எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

அவனுக்கு விளங்கவில்லை. அவவால் அதை இன்னொருதரம் சொல்ல ஏலாது என்று முகத்தில் தெரிந்தது.

"தூஎ," என்று நான் அதை இத்தாலியனில் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டு வழி விட்டான்.